சீட் அவருக்கு, ஸ்டீயரிங் இவருக்கு

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரித்த அன்று டிராக்டரையும் பிரித்தார்கள். விற்றுப் பங்கு போட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அந்த அளவு புத்தி இருந்தால் நான் ஏன் இதைச் சொல்லப் போகிறேன்? ஆளுக்கொரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கழற்றிப் பிரித்தார்கள். சீட் அண்ணனுக்கு, ஸ்டீயரிங் தம்பிக்கு. டீசல் பம்பு அண்ணனுக்கு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மூன்றும் தம்பிக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார் அங்கே, ஃபேன் பெல்ட்டும் ரேடியேட்டர் மூடியும் இங்கே. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் அதை ஓட்டிவிடக் கூடாதாம். சொல்லும்போதே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி என்றால் என் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் மெக்கானிக். அண்ணன் அவருடைய ஒரே அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். மாவு ஆலை வாசலில் லாரிகளை எடை போடுகிறவர். அவர் மனைவி எனக்கு அக்கா முறை. ஒரே முற்றம், அந்தப் பக்கம் அவர்கள் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு, கோடியில் டிராக்டர் நிற்கும் தகரக் கொட்டகை. நான் டார்பாலினும் வண்டி சீட் உறையும் தைக்கிறவள். கனத்த துணிக்குத்தான் என் கை பழக்கம், அதனால் கோணி ஊசி ஒன்று எப்போதும் என் கொண்டையில் செருகியிருக்கும். வாய் கொஞ்சம் நீளம். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், அக்கா சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

சண்டை வந்த கதை சின்னது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் நான்கு ஏக்கரை இவர் உழுதுகொண்டிருந்தார். கால் மணி நேரம் ஓடிய வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நடுவயலில் நின்றுபோனது. மாமா ஓடி வந்து ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். குறைவாகக் காட்டியது. "ஆயில் இல்லாம ஓட்டி இன்ஜினை எரிச்சிட்டான்" என்று கத்தினார். வண்டி சரிவில் நிற்கிறது, சரிவில் கம்பி சரியாகக் காட்டாது என்று இவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அதோடு விட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் ஆறியிருக்கும். வரப்பில் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, மாமா இன்னொரு வார்த்தை சொன்னார்.

"இனிமே இந்த சீட்ல நீ உக்காரக் கூடாதுடா."

ஒரு மெக்கானிக்கைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா? இவர் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தார். வண்டியை இழுத்து வந்து கொட்டகையில் போட்டார்கள். அடுத்த வாரமே பாகப் பிரிவினை. அன்றோடு அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த நான்கு ஏக்கரை மட்டும் பிரிக்க முடியவில்லை, தண்ணீர் பக்கம் யாருக்கு என்று கடைசிவரை ஒத்துவரவில்லை. அதனால் அது பொதுவாகவே தரிசாகக் கிடந்தது. வாடகைக்கு வண்டி வைத்து உழவும் வழியில்லை. வாய்க்கால் மேல் இருக்கும் பாலம் குறுகல், இப்போது வருகிற டிராக்டர் எல்லாம் அகலம். எங்கள் பழைய வண்டிக்கு அளவெடுத்துக் கட்டிய பாலம் அது.

இப்படி ஒன்பது வருடம் போன பிறகு வாய்க்கால் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. புது விதி போட்டிருந்தார்கள். தரிசு நிலத்துக்கு இனிமேல் தண்ணீர் முறை கிடையாது. அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேற்பார்வையாளர் வருவார். நிலம் உழுதிருந்தால் தண்ணீர் உண்டு, இல்லாவிட்டால் எங்கள் முறை பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். தண்ணீர் போனால் அந்த நான்கு ஏக்கர் வெறும் கட்டாந்தரை. அதைவிட எனக்கு வேறொரு கவலை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மிச்சமிருந்தது அந்த நிலம் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் இந்த இரண்டு பேரும் சாகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு இவரிடம் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "முதல்ல அவர் பம்பைக் கொண்டாந்து வைக்கட்டும்."

அதே நோட்டீஸோடு முற்றத்தைத் தாண்டி மாமாவிடம் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "முதல்ல அவன் இன்ஜெக்டரைக் கொண்டாந்து வைக்கட்டும்."

"ரொம்ப சந்தோஷம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து அதையே கொஞ்சிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுப்படிக்குப் போனேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஏ சின்னவளே, இந்த ஆம்பளைங்களை நம்பினா விடிஞ்ச மாதிரிதான். நாமளே மாட்டிட்டா என்ன?"

"உங்களுக்கு இன்ஜின் தெரியுமாக்கா?"

"உனக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது."

"அப்ப ரெண்டு பேரும் சமம். கையைத் துடைச்சிட்டு வரேன், இரு."

கொட்டகைக் கதவை இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளித் திறந்தோம். டிராக்டர் மேல் பழைய சைக்கிள், உடைந்த நாற்காலி, காலி டின்கள் என்று ஒன்பது வருடத்துக் குப்பையை ஏற்றி வைத்திருந்தோம். எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுத் துடைத்தபோது சிவப்புப் பெயிண்ட் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ரப்பர் எல்லாம் வெடித்திருந்தது, ஒயரை எலி கடித்திருந்தது, தகரத்தில் துரு. ஆனால் டீசல் தொட்டியின் மூடி மட்டும் அப்படியே இருந்தது. பழைய மூடி வாய்க்காலில் விழுந்து தொலைந்துபோனதால், அந்த வருட உழவுக்காக நான் செய்து கொடுத்த மூடி அது. கனத்த டப்பா மூடி, உள்ளே ரப்பர் வளையம், மேலே இரட்டைத் தையல் போட்ட கேன்வாஸ் உறை, இழுத்துக் கட்ட ஒரு வார், ஒரு பக்கிள். தூசி போகாது, தண்ணீர் போகாது.

"பாத்தீங்களாக்கா, ஒரு இழை பிரிஞ்சிருக்கா? நான் தைச்சா தைச்சதுதான்."

"ஆமாண்டி, இன்ஜின் செத்தாலும் உன் மூடி சாகல. வா, வேலையைப் பாரு."

பிறகு சாமான்களைச் சேர்க்கும் வேலை. ஸ்டீயரிங் எங்கள் முன்னறைச் சுவரில் ஆணியில் தொங்கியது, அதில்தான் நூல்கண்டுகளை மாட்டி வைத்திருந்தேன். ஸ்டார்ட்டர் மோட்டாரை அக்கா கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். பம்பு அவர்கள் கட்டிலுக்கு அடியில், துணி சுற்றி இருந்தது. இழுத்துப் பிரித்தால் துரு கொட்டும் என்று நினைத்தேன். உள்ளே புது எண்ணெய் மினுங்கியது, ஓட்டைகளுக்கெல்லாம் சுத்தமான அடைப்பு போட்டிருந்தது.

"வருஷா வருஷம் உங்க மாமா வேலைதான்" என்றாள் அக்கா. "கதவைச் சாத்திக்கிட்டு எண்ணெய் மாத்துவார். ஒரு தடவை பாத்துட்டேன். துரு பிடிச்சா விலை போகாதுன்னு மழுப்பினார்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. எங்கள் வீட்டிலும் அதே கூத்துதான். இன்ஜெக்டர் மூன்றையும் எண்ணெய் டின்னில் முக்கிப் பரணில் வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை எனக்குத் தெரியாமல் ஏறி இறங்குகிற மனிதரோடுதான் நானும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் மனசில் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வீம்பு, வேறென்ன?

சீட் மட்டும் கிடைக்கவில்லை. அது மாவு ஆலையில் இருந்தது. ஒன்பது வருடமாக மாமா அதில் உட்கார்ந்துதான் லாரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். தம்பி உட்காரக் கூடாது என்று சொன்ன சீட்டில் அவரே உட்கார்ந்து தேய்த்திருந்தார்.

மறுநாள் ஞாயிறு. பம்பை அதன் இடத்தில் வைத்தோம், அது உட்கார மாட்டேன் என்றது. அக்கா சுத்தியலை எடுத்து இரண்டு தட்டு தட்டினாள். மூன்றாவது தட்டுக்குள் என் வீட்டுக்காரர் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு முற்றத்தைத் தாண்டி ஓடி வந்தார்.

"யாரு அடிக்கிறது? பம்பு மேல சுத்தியலா? உங்களுக்கு அறிவிருக்கா?"

"இருந்தா உங்களைக் கட்டியிருப்பேனா?" என்றேன்.

"தள்ளு. ரெண்டு பேரும் தள்ளுங்க. இதுல மார்க் இருக்கு, மார்க்குக்கு மார்க் சேரணும். கடவுளே, போல்ட்டை மாத்தி மாட்டியிருக்காங்க!"

அவ்வளவுதான். ஸ்பேனர் கைக்கு வந்துவிட்டது, மனிதர் அன்று இருட்டும்வரை கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். சிக்கிய முதல் மீனை நாங்கள் சத்தமில்லாமல் கூடையில் போட்டுக்கொண்டோம்.

அவர் முதலில் செய்த காரியம் ஆயில் கம்பியை உருவியதுதான். கொட்டகைத் தரை சமதளம். ஆயில் சரியாகக் கோட்டில் நின்றது. ஒன்பது வருடமாக யாரும் ஒரு சொட்டு ஊற்றாத இன்ஜின் அது. கம்பியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மாமாகிட்ட காட்டுங்க" என்றேன்.

"வேண்டாம். இப்ப ஊத்திட்டு வந்து காட்டறான்னு சொல்லுவார்." துடைத்து உள்ளே சொருகிவிட்டார்.

ஆயில் இருந்தும் இன்ஜின் அசையவில்லை. ஆனால் எரிந்துபோன இன்ஜின் இல்லை, நின்ற இடத்திலேயே கிடந்து பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார் இவர். டீசலையும் எண்ணெயையும் கலந்து, இன்ஜெக்டர் ஓட்டைகள் வழியாக மூன்று சிலிண்டரிலும் ஊற்றினார். ஊறட்டும் என்றார். ஊறும் நேரத்தில் மற்றதைப் பார்த்தோம். காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே முழு எலிக்கூடு. நான் வெட்டிப் போட்ட கேன்வாஸ் துண்டு, அக்கா வீட்டுத் தலையணைப் பஞ்சு, பழைய பஸ் டிக்கெட் என்று இரண்டு வீட்டுச் சாமானையும் எலிகள் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தன. "எலிக்கு இருக்கற ஒத்துமை பாரு" என்று அந்தப் பக்கத்து ஜன்னலுக்குக் கேட்கும்படியே சொன்னேன். ஜன்னல் திரை அசைந்தது.

திங்கள் அசையவில்லை. செவ்வாயும் அசையவில்லை. டிப்போ விட்டு வந்ததும் இவர் நீளமான கம்பியை இன்ஜினைச் சுழற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தில் கொடுத்து முழு பலத்தோடு தள்ளுவார், சும்மா நிற்கும். மறுபடி எண்ணெய் ஊற்றுவார். புதன் மாலை மூவருமாகக் கம்பியைப் பிடித்துத் தொங்கினோம். "ணங்" என்று ஒரு சத்தம். கம்பிதான் உடைந்தது என்று நினைத்தேன். இவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அசைஞ்சிருச்சு" என்றார். "ஒரு விரக்கடை அசைஞ்சிருச்சு."

அடுத்த தள்ளில் அரைச் சுற்று. அதற்கடுத்து முழுச் சுற்று. அக்கா என் முதுகில் வைத்த அடியில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

வியாழன் காலை மாமா தானாகவே கொட்டகைக்கு வந்து நின்றார். எங்களில் யாரையும் பார்க்கவில்லை. நேராக டிராக்டரைப் பார்த்துப் பேசினார்.

"ஏ வண்டி, சின்ன பேட்டரியெல்லாம் உனக்குப் பத்தாது. ஆலையில லாரி பேட்டரி ஒண்ணு இருக்கு, கேட்டு வாங்கியாரேன்."

இவரும் டிராக்டரைப் பார்த்தே சொன்னார்: "கொண்டாரட்டும். ஒயர் தடிமனா வேணும்னு சொல்லு வண்டி."

"தடிமனாத்தான் கொண்டாருவேன்னு சொல்லு."

"எலி கடிக்காத ஒயரா இருக்கணும்னு சொல்லு."

பாவம் அந்த வண்டி, இன்னும் ஸ்டார்ட் ஆகவேயில்லை, அதற்குள் தூது போக ஆரம்பித்துவிட்டது. அக்காவும் நானும் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினோம்.

வெள்ளிக்கிழமை மாலை மாமா பேட்டரியோடு சீட்டையும் கொண்டுவந்தார். அவரே போல்ட் போட்டு இறுக்கினார், அவரே ஏறி உட்கார்ந்துகொண்டார். "சீட் என்னுது. நான்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்" என்று ஸ்டீயரிங்கிடம் சொன்னார். இவர் முகம் சுருங்கியது. டீசல் தொட்டியைக் கழுவி வெயிலில் காயப் போட்டிருந்ததால், ஒரு கேனில் டீசல் ஊற்றிக் கொட்டகை உத்திரத்தில் தொங்கவிட்டு, குழாயை இன்ஜினுக்குக் கொடுத்திருந்தார். நட்டைத் தளர்த்திக் குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்தார். நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமான டீசல் வந்தது. நட்டை இறுக்கிவிட்டு வண்டியின் பக்கமாகச் சொன்னார்: "அடிக்கச் சொல்லு."

முதல் தரம் ஸ்டார்ட்டர் உறுமியது, ஒன்றும் பிடிக்கவில்லை. இரண்டாவது தரம் புகைக்குழாயிலிருந்து துரு கொட்டியது. "கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு" என்று இவர் எதையோ திருகினார். மூன்றாவது தரம் ஒரு சிலிண்டர் தட்டியது. பிறகு இரண்டு. கறுப்புப் புகை குப்பென்று வந்து எங்கள் நான்கு பேர் முகத்திலும் அப்பியது. கொட்டகைத் தகரம் அத்தனையும் அதிர, மூன்று சிலிண்டரும் சேர்ந்து பிடித்துக்கொண்டன.

நான் அழுதேன். வெட்கமே இல்லாமல், வாய்விட்டு அழுதேன். அக்கா கத்தினாள். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பிளந்து சிரித்தார். இவர் சத்தத்தைக் கேட்கத் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் ஓட்டினோம், ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் தொட்டியை மாட்டிக் கழுத்து வரை டீசல் ஊற்றினோம். மூடியில் ரப்பர் மட்டும் கெட்டுப்போயிருந்தது. நானே புது ரப்பர் வெட்டி, முன்பைவிட இறுக்கமாக வைத்து, வாரை இழுத்து பக்கிள் போட்டேன். கலப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். மாமா ஓட்ட, இவர் பக்கத்தில் நடந்து வந்தார். பாலத்தில் இரண்டு பக்கமும் இரண்டு விரல்தான் இடைவெளி. இவர் முன்னால் போய்க் கையைக் காட்ட, மாமா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கை காட்டுவது பேச்சில் சேராது போலிருக்கிறது.

மணி ஒன்பது. கலப்பை மண்ணில் இறங்கியது. ஒன்பது வருடத்துக் கோரையும் முள்ளும் புரண்டு விழ, கறுப்பு மண் மேலே வந்தது. முதல் சால், இரண்டாவது சால் என்று அக்கா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். வரப்பில் ஆள் சேர ஆரம்பித்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். நடுவயலில், அந்தச் சரிவுக்கு வரும்போது, இன்ஜின் இரண்டு தரம் இருமியது.

நின்றுபோனது.

அதே இடம், அதே இருமல். வரப்பில் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் அன்றைக்கும் நின்றவர்கள். மாமா சாவியைத் திருகினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. இன்னொரு தரம், இன்னொரு தரம். பிறகு சீட்டிலிருந்து குதித்து இறங்கினார். இப்போது வண்டியைப் பார்த்துப் பேசவில்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து முதல் தரம் பேசினார், பேசியது இதுதான்:

"என்னத்தைடா சேர்த்தே? அதே மாதிரி நிக்குது பாரு!"

"ஓட்டினது நான் இல்லை" என்றார் இவர்.

"சேர்த்தது நீதானே?"

இவர் மண்டியிட்டு, தொட்டியிலிருந்து வரும் குழாயின் நட்டைத் தளர்த்தினார். டீசல் வர வேண்டும். இரண்டு சொட்டு வந்து நின்றுவிட்டது. "தொட்டி நிறைய டீசல் இருக்கு, கீழ வரல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஏம்மா, மேல ஏறி டீசல் எவ்வளவு இருக்குன்னு பாரு."

நான் ஏறினேன். பக்கிளைக் கழற்றினேன், வாரை விட்டேன். மூடி வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தைத்த மூடி எனக்கே வராதா என்று ஆத்திரம் வந்தது. கொண்டையிலிருந்து கோணி ஊசியை உருவி, ரப்பருக்கு அடியில் விட்டு நெம்பினேன்.

உஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. அதே நொடியில் கீழே தளர்த்திய குழாயிலிருந்து டீசல் பீய்ச்சி மாமாவின் கால்சட்டை முழுக்க நனைந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை, ஆனால் டப்பாவில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வராது என்பது அடுப்படியில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். டீசல் கீழே போக வேண்டுமென்றால் மேலே காற்று உள்ளே வர வேண்டும். தூசி போகாது, தண்ணீர் போகாது என்று நான் பீற்றிக்கொண்ட மூடியில் காற்றும் போகவில்லை. நேற்று கேனில் மூடியே இல்லை, அரை மணி நேரம் ஓடியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த மூடியை நான் மாட்டி விட்டது எப்போது? வண்டி நின்ற அன்று காலை.

இவர் மேலே பார்த்தார். என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. மெல்லத் தலையைக் குனிந்துகொண்டு, "குழாய்ல அடைப்பு. இப்ப போயிடுச்சு" என்றார்.

"குழாய்ல அடைப்பா?" மாமா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அப்ப அன்னிக்கும் அதுதான். குழாயைக் கழுவாம வண்டியை எடுத்தது யாரு? இவன்தானே? நான் அன்னிக்கே சொன்னேன்!"

இவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒன்பது வருடத்துப் பழி அந்த நிமிடமே அவர் தலையிலிருந்து இறங்கிவிடும். சொல்லவில்லை. சொன்னால் அது என் தலையில் ஏறும். நட்டை இறுக்கிக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிந்தது. ஊரையே வாயால் கிழிக்கிறவள் நான், எனக்காக இந்த மனிதர் மறுபடியும் ஊமையாக நிற்பதா?

"நான்தான் மாமா!" என்று கத்தினேன். தொட்டி மேல் நின்றிருந்ததால் வயல் முழுக்கக் கேட்டிருக்கும். "அன்னிக்கும் நான்தான், இன்னிக்கும் நான்தான்! இந்த மூடியில காத்துக்கு வழி இல்லை. அன்னிக்குக் காலையில நான்தான் தைச்சு மாட்டினேன். இவர் ஆயிலும் குறைக்கல, இன்ஜினையும் எரிக்கல. ஞாயித்துக்கிழமை கம்பியை உருவிப் பாத்தோம், ஆயில் கோட்டுல நிக்குது. நீங்க ஒன்பது வருஷமா தப்பான ஆளைத் திட்டியிருக்கீங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க!"

முதலில் சிரித்தது அக்காதான். வரப்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் தைச்சா தைச்சதுதான்னு சொன்னாளே! நாலு ஏக்கரையும் ரெண்டு குடும்பத்தையும் சேர்த்து தைச்சு மூடிட்டாளே பாவி!"

மாமா சிரிக்கவில்லை. ஆயில் கம்பியிடம் போனார். கையை நீட்டியவர், தொடாமலே நிறுத்திக்கொண்டார். வண்டி சரிவில் நின்றுகொண்டிருந்தது. தரையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். தம்பி அன்று சொன்னது இப்போதுதான் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

நான் மூடியைத் தொட்டி மேல் வைத்துக் கோணி ஊசியை ஓங்கினேன். பன்னிரண்டு வயதிலிருந்து தைக்கிறேன், நான் தைத்த ஒன்றை நானே குத்திக் கிழித்தது அன்றுதான். கேன்வாஸில் இரண்டு, ரப்பரில் இரண்டு. தகரத்தில் இறங்க மாட்டேன் என்ற இடத்தில் இவர் ஸ்பேனரால் ஊசி மேல் ஒரு தட்டு தட்டினார். தட்டும்போது என்னைப் பார்த்து, "அறிவிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சொன்ன பதிலையே நானும் சொன்னேன்.

குழாயில் புகுந்த காற்றை எடுத்தார். மாமா சாவியைத் திருகினார். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த வண்டி போன வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கால் மணி தாண்டியது, அரை மணி தாண்டியது. வரப்பில் இருந்தவர்கள் ஒவ்வொரு சாலுக்கும் கை தட்டினார்கள். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாய்க்கால் மேற்பார்வையாளர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தில் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் பெரிய நோட்டு. கண்ணுக்கு மேல் கையை வைத்து வயலைப் பார்த்தார்.

"பாதிதானே ஆகியிருக்கு? மீதி யார் உழறது, எப்ப உழறது?" என்று கேட்டார்.

மாமா வண்டியை எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. கீழே இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒன்பது வருடம் அவரே உட்கார்ந்து தேய்த்த அந்த சீட்டைத் துடைத்தார். மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதை மட்டும் துடைக்கவில்லை.

"மீதியை என் தம்பி உழுவான் சார்" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். பிறகு திரும்பினார். "உக்காருடா."

இவர் அசையவில்லை. கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொன்னது தப்புடா. பத்துப் பேர் முன்னால சொன்னேன், இதோ பத்துப் பேர் முன்னாலயே சொல்றேன். ஏறி உக்காரு."

"சரி அண்ணே" என்றார் இவர்.

ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கில் கை வைத்தார். மாமா பின்னால் சக்கரத் தகட்டில் ஏறி நின்று தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். மேற்பார்வையாளர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். அக்கா அவருக்கு டீ கொடுத்தாள். கடைசிச் சால் முடிந்ததும் நோட்டைத் திறந்து, "உழப்பட்டது, தண்ணீர் முறை தொடரும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகும் அண்ணனும் தம்பியும் இறங்கவில்லை. உழுத நிலத்தையே இன்னொரு சுற்று சுற்றி வந்தார்கள். அங்கிருந்தே இரண்டு பேரும் எதையோ கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள், எங்களுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இன்ஜின் நிற்கவே இல்லை.